மருத்துவர் தலைமையில் ஒரு கல்விக்குழு

1952-ஆம் ஆண்டில் மத்திய அரசு அமைத்த இடைநிலைக் கல்விக் குழுவுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் தலைமை வகித்தார். மருத்துவரான அவர்தம் குழு 1953-இல் அளித்த அறிக்கை, ஏட்டுக் கல்வியோடு நில்லாது மாணவரின் உடல்நலத்தையும் ஒழுக்கத்தையும் கருதிற்று.

பள்ளிதோறும் முழு மருத்துவப் பரிசோதனை வேண்டும். தேவைப்படுவோருக்குத் தொடர் சிகிச்சையும் வேண்டும் என்றது. 40 வயதுக்குட்பட்ட ஆசிரியர்கள் உடற்பயிற்சிகளில் தாமும் பங்குகொள்ள வேண்டும் என்றது. நன்னடத்தை நெறிகளை மாணவர் மன்றங்களே வகுத்துக்கொள்ளப் பரிந்துரைத்தது. 17 வயது நிரம்பாத மாணவரைத் தேர்தல் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைக் குற்றமாக்கவும் கோரியது.

பரிசோதனை நடந்து, சிகிச்சை தொடராவிடின் பயன் யாது? எம்மாநிலத்தில் வாழினும், பிள்ளைகளின் பள்ளியில் பெற்றோர் கேட்கவேண்டிய வினா இதுவே.