துப்பாக்கியும் மனநலமும்: அமெரிக்கர்கள் எழுதிய கடிதங்களின் கதை

1963 மார்ச் மாதம். டல்லாஸ் நகரில் வசித்த லீ ஹார்வி ஆஸ்வால்ட் என்பவர் ஒரு பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கூப்பனைப் பொய்ப் பெயரில் நிரப்பி, சிகாகோவில் இருந்த ஒரு கடைக்கு அனுப்பினார். ரைபிளின் விலை, அதன் மேல் பொருத்தும் தொலைநோக்கியோடு சேர்த்து 19.95 டாலர். அனுப்பும் செலவு 1.50 டாலர். ஆக மொத்தம் 21.45 டாலர். வாங்குபவர் யார், எதற்காக வாங்குகிறார் என்று யாரும் கேட்கவில்லை. ரைபிள் தபாலில் வந்து சேர்ந்தது!

அதே ஆண்டு அக்டோபர் 31 அன்று ஜனாதிபதி ஜான் கென்னடி, சமூக மனநல மையங்களை நாடெங்கும் கட்டுவதற்கான சட்டத்தில் கையெழுத்திட்டார். சரியாக 22 நாட்கள் கழித்து, அந்த ரைபிளால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மனநல மருத்துவம், துப்பாக்கிக் கட்டுப்பாடு. அமெரிக்கர்கள் தங்கள் மக்கள் பிரதிநிதிகளுக்குக் கடிதம் எழுதிய விஷயங்களில் இவை இரண்டும் உண்டு. அரசிடம் மனு கொடுக்கும் உரிமை 1791 முதல் அவர்களுடைய அரசியலமைப்பிலேயே இருக்கிறது. அந்த உரிமையால் உண்மையில் என்ன கிடைத்தது? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால்தான் புரியும்.

ஓட்டுரிமை இல்லாத பெண் எழுதிய மனு

1841-ல் டொரோத்தியா டிக்ஸ் என்ற ஆசிரியை, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஈஸ்ட் கேம்பிரிட்ஜ் சிறைக்கு அங்குள்ள பெண்களுக்குப் பாடம் நடத்தப் போனார். குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகள் குளிர் காய நெருப்புகூட இல்லாத அறைகளில் அடைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தார். அதன் பிறகு மாநிலம் முழுவதும் சுற்றினார். சிறைகள், ஏழை விடுதிகள் என ஒவ்வொன்றாகப் போய், கண்டதையெல்லாம் குறித்து வைத்துக்கொண்டார்.

1843-ல் அந்தக் குறிப்புகளை மாநில சட்டசபைக்கு ஒரு மனுவாக எழுதினார். அன்று பெண்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. சட்டசபையில் எழுந்து பேசவும் முடியாது. அதனால் சாமுவேல் ஹோவ் என்ற உறுப்பினர் அவர் சார்பில் மனுவைச் சமர்ப்பித்தார். எந்த ஊர், எத்தனை பேர், எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று ஊர்வாரியாக எழுதப்பட்ட மனு அது. பலரும் கோபப்பட்டார்கள், ஆனால் வூஸ்டர் நகர மனநல மருத்துவமனையை விரிவுபடுத்தப் பணம் ஒதுக்கப்பட்டது. டிக்ஸ் பிறகு மற்ற மாநிலங்களுக்கும் போய் இதே வழியைப் பின்பற்றினார்.

அடுத்து வாஷிங்டன். 1 கோடியே 22 லட்சம் ஏக்கருக்கும் அதிகமான அரசு நிலத்தை மனநோயாளிகளுக்கும், பார்வையற்றோர், காது கேளாதோர் நலனுக்கும் ஒதுக்க வேண்டும் என்ற அவருடைய மசோதா இரண்டு சபைகளிலும் நிறைவேறியது. ஆனால் 1854 மே மாதம் ஜனாதிபதி ஃபிராங்க்ளின் பியர்ஸ் அதை நிராகரித்தார். இது மாநிலங்களின் பொறுப்பு, மத்திய அரசின் வேலையல்ல என்பது அவருடைய வாதம். அதற்குப் பிறகு சுமார் நூறாண்டுகளுக்கு மனநல மருத்துவம் பெரும்பாலும் மாநிலங்களின் சுமையாகவே இருந்தது.

1955-ல் மாநில மனநல மருத்துவமனைகளில் சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருந்தார்கள். அந்த மருத்துவமனைகள் நெரிசலில் திணறின. நோயாளிகளை அவரவர் ஊரிலேயே கவனிக்க வேண்டும் என்பதுதான் கென்னடி சட்டத்தின் நோக்கம். பெரிய மருத்துவமனைகள் மளமளவென்று காலியாயின. ஆனால் அவற்றுக்குப் பதிலாக வர வேண்டிய மையங்களில் ஏறக்குறைய பாதிதான் கட்டப்பட்டன. வெளியே வந்தவர்களில் பலர் தெருவிலும் சிறையிலும் போய்ச் சேர்ந்தார்கள். டிக்ஸ் 1841-ல் பார்த்த காட்சி சுற்றி வந்து மறுபடியும் அதே இடத்தில் நின்றது!

கடிதங்கள் இரண்டு பக்கமும் உண்டு

இனி துப்பாக்கி. தபாலில் கைத்துப்பாக்கி விற்பதைக் கட்டுப்படுத்தும் மசோதாவை செனட்டர் தாமஸ் டாட் 1963 ஆகஸ்டிலேயே கொண்டுவந்திருந்தார். அதாவது கென்னடி கொலைக்கு மூன்று மாதம் முன்பே. கொலைக்குப் பிறகு ரைபிள்களையும் அதில் சேர்த்தார். அப்படியும் மசோதா குழுவிலேயே தங்கிவிட்டது.

ஏன்? கருத்துக்கணிப்புகளில் பெரும்பாலான மக்கள் கட்டுப்பாட்டை ஆதரித்தார்கள். ஆனால் ஆதரித்தவர்கள் கடிதம் எழுதவில்லை. எதிர்த்தவர்கள் எழுதினார்கள். தேசிய ரைபிள் சங்கம் தன் உறுப்பினர்களை எழுதச் சொன்னது, அவர்களும் எழுதிக் குவித்தார்கள். ஒரு செனட்டரின் மேசைக்குக் கருத்துக்கணிப்பு வருவது எப்போதாவது. கடிதமோ தினமும் வரும். அதை எழுதியவர் அடுத்த தேர்தலிலும் இதை மறக்க மாட்டார் என்பது அந்த செனட்டருக்குத் தெரியும்.

1968-ல் நிலைமை மாறியது. ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என்று அடுத்தடுத்து இரண்டு கொலைகள். இந்த முறை கட்டுப்பாடு வேண்டும் என்பவர்களின் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்தன. அக்டோபர் 22 அன்று ஜனாதிபதி ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலம் விட்டு மாநிலம் தபாலில் துப்பாக்கி வாங்குவது தடை செய்யப்பட்டது. மனநோய் காரணமாகக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்கள் துப்பாக்கி வாங்கக் கூடாது என்ற விதியும் வந்தது. ஆனால் உரிமமும் பதிவும் வேண்டும் என்ற ஜான்சனின் கோரிக்கை விடுபட்டுப் போனது. அதைவிடப் பெரிய ஓட்டை, வாங்குபவர் சொல்வது உண்மையா என்று சரிபார்க்க வழியே இல்லை!

ஓட்டையை அடைக்க 25 ஆண்டுகள்

1981 மார்ச் 30 அன்று ஜனாதிபதி ரீகன் சுடப்பட்டார். அவருடைய பத்திரிகைச் செயலர் ஜேம்ஸ் பிரேடி தலையில் குண்டு பாய்ந்து வாழ்நாள் முழுவதும் ஊனமானார். சுட்டவர் மனநல மருத்துவரிடம் சிகிச்சை பெற்று வந்தவர். அதே ஆண்டு ஆகஸ்டில், மனநல மையங்களுக்கு நேரடியாகக் கிடைத்து வந்த மத்திய அரசு நிதித் திட்டத்தை ரீகன் அரசு குறைத்து, பொது மானியமாக மாநிலங்களிடம் விட்டுவிட்டது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரேடியின் மனைவி சாரா பல ஆண்டுகள் உறுப்பினர்களைச் சந்தித்தும் எழுதியும் போராடினார். 1987-ல் முதன்முதலில் வந்த பிரேடி மசோதா 1993 நவம்பர் 30 அன்றுதான் சட்டமானது. வாங்குபவரின் பின்னணியை விற்பனையாளர் சரிபார்ப்பது கட்டாயமானது. 1998-ல் அதற்கான கணினி முறையும் வந்தது.

பிரேடி சட்டம் வந்த ஏழாவது நாளே, 1993 டிசம்பர் 7-ல், நியூயார்க் அருகே ஓடும் ரயிலில் ஒருவர் சுட்டதில் 6 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஒருவரின் மனைவி கரோலின் மெக்கார்த்தி ஒரு செவிலியர். அவர் மகனும் படுகாயமடைந்தார். தாக்குதல் ரக ஆயுதங்களுக்கு 1994-ல் வந்த தடையை நீக்க 1996-ல் வாக்கெடுப்பு நடந்தபோது, அவருடைய தொகுதி உறுப்பினர் தடையை நீக்குவதற்கே ஓட்டளித்தார். மெக்கார்த்தி என்ன செய்தார் தெரியுமா? அதே உறுப்பினரை எதிர்த்துத் தேர்தலில் நின்று ஜெயித்தார்!

இரண்டு கதைகளும் சந்தித்த இடம்

கணினி இருந்தால் போதுமா? அதில் தகவல் இருக்க வேண்டுமே. மனநலத் தீர்ப்பு விவரங்களைப் பல மாநிலங்கள் அனுப்பவே இல்லை. இதைச் சரிசெய்ய 2002-லேயே மெக்கார்த்தி ஒரு மசோதா கொண்டுவந்தார். பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் நின்றுபோனது.

2007 ஏப்ரல் 16. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். அவர் தனக்கே ஆபத்தானவர் என்று 2005 டிசம்பரில் ஒரு சிறப்பு நீதிபதி கண்டறிந்து வெளிநோயாளியாகச் சிகிச்சை பெற உத்தரவிட்டிருந்தார். அந்த சிகிச்சை நடக்கவில்லை. உத்தரவின் விவரமும் கணினிக்குப் போகவில்லை. மாநில விதிப்படி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் விவரம் மட்டுமே அனுப்பப்பட்டு வந்தது. இரண்டு கைத்துப்பாக்கிகளையும் அவர் பின்னணிச் சோதனை முடித்தே வாங்கினார். இறந்தவர்களில் ஒருவர் கோபிசெட்டிப்பாளையம் அருகே பிறந்து, அங்கே நீரியல் கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். வகுப்பறையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

மெக்கார்த்தியின் மசோதா மறுபடி வந்தது. 2008 ஜனவரி 8 அன்று சட்டமானது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே வந்திருந்தால்...?

2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். பெற்றோர்கள் செனட்டர்களை நேரில் சந்தித்துக் கெஞ்சினார்கள். பின்னணிச் சோதனையை விரிவாக்கும் மசோதாவுக்கு 2013 ஏப்ரலில் 54 ஓட்டு கிடைத்தது. தேவைப்பட்டது 60. டெக்சாஸ் மாநிலம் உவால்டி பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் இறந்த பிறகு, 2022 ஜூன் 25 அன்று ஒரு சட்டம் வந்தது. 21 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கூடுதல் சோதனை, பள்ளிகளில் மனநல ஆலோசகர்களுக்கு நிதி என்று இரண்டு விஷயங்களும் ஒரே சட்டத்தில் இருந்தன. ஆனால் 2025-ல் அந்தப் பள்ளி நிதியில் சுமார் 100 கோடி டாலரை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. பல மாநிலங்கள் வழக்குப் போட்டன.

ஒன்றை மறக்கக் கூடாது. மனநோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குபவர்கள் அல்ல. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். துப்பாக்கியும் மனநலமும் உண்மையில் அதிகமாகச் சந்திப்பது செய்தியில் வராத இந்த வீடுகளில்தான்.

கடிதம் எழுதினால் சட்டம் வருமா என்றால், வந்திருக்கிறது. தாமதமாக, அரைகுறையாக, பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகு. ஆனால் 1854, 1981, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளும் இன்னொன்றையும் சொல்கின்றன. மனநலத்துக்கான திட்டங்கள் தடுக்கி விழுந்தது பெரும்பாலும் பணம் கொடுக்க வேண்டிய இடத்தில்தான். சட்டம் வரும்வரை எழுதியவர்கள், பட்ஜெட் வரும்போதும் எழுத வேண்டியிருக்கிறது.