மான் வேட்டையும் மலைநாட்டுத் துவக்குகளும்

கதிர்காமத்துக் கந்தன் வேடுவக் கோலம் பூண்டு வள்ளியை நாடி வந்த மண் என்று நம் முன்னோர் போற்றிய மாகாணம் ஊவா. மான் வயிற்றிற் பிறந்து வேடர் குடியில் வளர்ந்தவள் வள்ளி நாச்சியார் என்று கந்தபுராணம் கூறும். மானும் வேடனும் ஒரே திருக்கதையில் இடம் பெற்றிருக்கும்போது, வேட்டை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிப்பது நமது மரபன்று. கண்ணப்ப நாயனாரும் வேடர்தாமே! ஆயினும், வேட்டை வேறு, வெறுங்கொலை வேறு. இரண்டுக்கும் நடுவே இருந்த எல்லை எப்படி அழிந்தது என்பதை நமது மாகாணத்தின் சரித்திரத்தைக் கொண்டே ஆராய்வோம்.

வில்லின் காலம்

பதுளை மாவட்டத்தின் வடபால், மகியங்கனைக்கு அப்பால், தம்பானை முதலிய ஊர்களில் வேடர் குலத்தார் இன்றும் வாழ்கின்றனர். அவர்களுடைய பழைய கருவி வில். வில்லைக் கொண்டு மானைக் கொல்ல வேண்டுமானால் அதன் அண்மையிற் செல்ல வேண்டும். காற்று வீசும் திசையை அறிய வேண்டும். சருகு மிதிபடாமல் நடக்க வேண்டும். ஓர் அம்பு தவறினால் மான் மறைந்துவிடும். எனவே வேடன் எய்வதற்கு முன் நெடுநேரம் பார்த்தான். பார்த்த காரணத்தால் காட்டை அறிந்தான். வயிற்றுக்கு வேண்டியதற்கு மேல் கொல்லும் வசதி அவனுக்கு இருக்கவில்லை.

பின்னர் வந்த பழைய துவக்கும் இந்த நிலையை முழுவதும் மாற்றிவிடவில்லை. குழாயின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, தக்கை வைத்து, குண்டை இட்டு, கோலாற் கெட்டித்து, கேப்பு வைத்த பிறகே அது வெடிக்கும். அடுத்த வெடிக்கு அத்தனை வேலையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குள் மந்தை மலையைக் கடந்துவிடும். இரண்டு வெடிகளுக்கு நடுவே இருந்த இந்த இடைவேளையே மானுக்கு உயிர்ப்பிச்சை அளித்தது. மனிதனுக்கும் சிந்திக்க நேரம் கொடுத்தது.

துரைமாரின் விளையாட்டு

வெள்ளையர் ஆட்சியில் வேட்டை என்பது உணவுக்கான தொழில் என்ற நிலை மாறி, பொழுதுபோக்காயிற்று. இதற்கு முதல் உதாரணம் நமது பதுளையிலேயே உண்டு. இங்கு உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ், தெருக்கள் அமைப்பதில் வல்லவர்; கடமையிற் கண்ணானவர்; மக்களிடம் நற்பெயர் எடுத்தவர். ஆனால் அவர் சுட்டு வீழ்த்திய யானைகளின் தொகை 1,400க்கு மேல் என்று அக்காலத்து நூல்கள் கூறுகின்றன. யானையைக் கொல்வோருக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்த காலம் அது. 1845ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் தேதி அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். நுவரெலியாவில் உள்ள அவரது கல்லறையிலும் பின்னர் இடி விழுந்தது என்பர். பதுளை நகரிலுள்ள சென் மார்க்ஸ் தேவாலயம் அவர் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்டதே. நல்ல அதிகாரி ஒருவரே இத்தனை உயிர்களை விளையாட்டாகக் கொன்றார் என்றால், குற்றத்தை அவர் ஒருவர் மீது சுமத்தி நாம் தப்பிவிட முடியுமா? அது அந்தக் காலத்தின் மனப்பான்மை.

அவருக்குப் பின், 1848ஆம் ஆண்டில் நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கர், இலங்கை வேட்டையைப் பற்றி நூல்கள் எழுதி உலகப் புகழ் பெற்றார். ஹோட்டன் சமவெளியிலும் அதனைச் சூழ்ந்த காடுகளிலும் வேட்டை நாய்களை விட்டு மரைகளைத் துரத்தி, நீர்நிலையில் மடக்கிக் கத்தியாற் குத்திக் கொல்வது அவரது வழக்கம். ஆங்கிலேயர் மரையை 'எல்க்' என்று தவறாக அழைத்தனர். பெயரையும் சரிவர அறியாமலே கொன்றனர்.

கோப்பித் தோட்டங்களும் பின்னர் தேயிலைத் தோட்டங்களும் பெருகியபோது மலைக்காடுகள் வெட்டப்பட்டன; மானுக்கும் மரைக்கும் இருப்பிடம் சுருங்கிற்று. அக்காட்டை வெட்டிய கைகள் யாருடையவை? தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்த நம் பாட்டன் பாட்டிமாருடையவை. துரைமாரின் வேட்டைக்குக் காடு கலைத்தவர்களும், நாய்களைப் பராமரித்தவர்களும், இறைச்சியைச் சுமந்தவர்களும் அவர்களே. துவக்கு துரையின் தோளில். சுமை தொழிலாளியின் தலையில். இதுவும் தோட்டத்துச் சரித்திரத்தில் ஓர் ஏடு.

தானே நிரப்பும் றைபிள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துவக்கின் பின்புறத்தால் தோட்டா இடும் முறை வந்தது. பிறகு, பல தோட்டாக்களை ஒருங்கே நிரப்பி, ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை இழுத்துத் தள்ளும் றைபிள் வந்தது. அதற்கும் அடுத்த படியாக, அமெரிக்காவில் ஜோன் பிறவுணிங் என்ற மேதை தானே நிரப்பும் றைபிள் ஒன்றை அமைத்து, 1900ஆம் ஆண்டில் உரிமைப் பதிவு பெற்றார். 1906 முதல் றெமிங்டன் கம்பனி அதனை விற்பனைக்கு விட்டது. பிற்காலத்தில் 'எட்டாம் இலக்க மாதிரி' என்று பெயர் பெற்று, 1936 வரை செய்யப்பட்ட அந்த றைபிள், மான் போன்ற விலங்குகளின் வேட்டைக்கென்றே விரும்பி வாங்கப்பட்டது. அதன் மேம்பட்ட மாதிரி 1950 வரை செய்யப்பட்டது.

அதன் செயல் வியக்கத்தக்கது. வெடித்த வேகத்தில் குழாயே ஓர் உறைக்குள் பின்னோக்கிச் செல்லும். பின் குழாய் முன்னே திரும்பும்போது வெற்றுத் தோட்டா வெளியே வீசப்படும். அடுத்தது தானாக உள்ளே ஏறும். வேடன் விசையை மறுபடி இழுப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டியதில்லை. கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமலே ஐந்து வெடிகள்! பொறியியல் என்ற வகையில் நாம் தலை வணங்கலாம். ஆனால், மேலே நாம் சொன்ன இடைவேளை அன்றோடு போயிற்று. முதல் வெடியில் மான் விழுந்ததா, அது கன்றுடன் வந்த பிணையா என்று பார்ப்பதற்குள் விரல் இரண்டாம் முறையும் இழுத்துவிடும். கருவி விரைந்து சென்றது, மனக்கட்டுப்பாடு பின்தங்கிற்று.

தியத்தலாவைக் கைதி

இவ்விடத்தில் நமது ஊவாவுடன் தொடர்புடைய ஒருவரை நினைவுகூர வேண்டும். தென்னாபிரிக்கப் போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்ட போயர் வீரர் ஏறக்குறைய 5,000 பேர் 1900ஆம் ஆண்டு முதல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, பெரும்பாலும் தியத்தலாவை முகாமில் அடைக்கப்பட்டனர். பண்ணை வாழ்க்கையிலேயே றைபிள் பழகியவர்கள் அவர்கள். போர் முடிந்ததும், ஆங்கில மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் ஊர் திரும்பினர். பிரமாணம் செய்ய மறுத்துத் தங்கிவிட்டவர்களுள் ஒருவர் எங்கல்பிறெக்ட். 1908இல் அவர் யால ஒதுக்குக்காட்டின் காவலராக நியமிக்கப்பட்டார். முதல் உலகப் போரில், எம்டன் கப்பலுக்கு இறைச்சி கொடுத்தார் என்ற சந்தேகத்தின் பேரிற் சிறை வைக்கப்பட்டார். அச்சந்தேகம் ஆதாரமற்றது எனப் பின்னர் தெரிந்தது. 1922இல் அவர் காலமானார். வேட்டைக்குப் பிறந்த இனத்தான் ஒருவன், மானைக் காப்பதையே தொழிலாக ஏற்றான் என்பது நமது இளைஞர் மனத்திற் பதிய வேண்டிய செய்தி.

சட்டமும் எளியோரும்

மிருகங்கள் அருகிவருவதைக் கண்ட அரசாங்கம், வேட்டையைக் கட்டுப்படுத்த 1872, 1891, 1909 ஆகிய ஆண்டுகளிற் சட்டங்கள் இயற்றிற்று. 1894இல் தோட்டத்துரைமாரும் வேட்டைக்காரருமே கூடி மிருக பாதுகாப்புச் சங்கம் ஒன்றை நிறுவினர். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் இன்றளவும் திருத்தங்களுடன் நடைமுறையில் உள்ளது. 1938இல் யால தேசிய வனமாயிற்று. 1949இல் வனவிலங்குத் திணைக்களம் தோன்றியது.

சட்டம் நல்லதே. ஆனால் அதன் பாரம் எல்லார் மீதும் ஒப்ப விழவில்லை. 1983இல் மதுறு ஓயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக அங்கு வேட்டையாடிய வேடர் குடும்பங்கள் வெளியேற வேண்டியதாயிற்று. தலைவர் திசாகாமியும் அவரைச் சேர்ந்த சிலருமே தம்பானையை விட்டு அகல மறுத்தனர். ஆயிரக்கணக்கில் சுட்டவர்களுக்கு நினைவாலயம்; வயிற்றுக்கு ஒன்றை எய்தவர்களுக்கு இடப்பெயர்வு! இந்த முரண்பாட்டை மறைத்து எழுதும் சரித்திரம் அரைகுறைச் சரித்திரமே.

இன்றைய கண்ணி

பெரியோர்களே, இளைஞர்களே! இதனைச் சொல்வதால், பழைய அநீதிக்கு ஈடாக நாமும் கொல்லலாம் என்பது பொருளன்று. இன்று தோட்டங்களின் ஓரத்திலும் மரக்கறித் தோட்டங்களிலும் காணப்படும் சுருக்குக் கம்பியும், காட்டுப் பாதையில் மறைத்து வைக்கும் கட்டுத்துவக்கும் அந்தத் தானே நிரப்பும் றைபிளையும் விடக் கொடியவை. றைபிள் ஏந்தியவன் விசையை இழுக்கும்போதாவது மானைக் கண்ணாற் கண்டான். கம்பி கட்டியவன் வீட்டில் உறங்குகிறான். காட்டிலோ கம்பி கொல்கிறது. பன்றியோ, மானோ, கன்றோ, விறகு பொறுக்கப் போன நம் சகோதரியின் காலோ, அதற்குப் பேதமில்லை. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியிற் சிக்கி, சில நாட்களில் உயிர் விட்டதை நாடறியும்.

பயிரைப் பன்றி அழிப்பதும், ஏழை வீட்டில் இறைச்சி அரிதாயிருப்பதும் உண்மையே. அவற்றுக்கு வேலியும் காவலும் நியாயமான கூலியும் கேட்டுப் பெறுவதே முறை. லயத்து வாலிபன் ஒருவன் சில றாத்தல் இறைச்சிக்காக வழக்கிற் சிக்கினால், தண்டனை அவன் குடும்பம் முழுவதையும் தாக்கும். 2009ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியிருக்கிறது என்பதை மறவற்க.

நமது சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்து எல்லையிற் காணும் சுருக்குகளைப் பற்றிப் பெரியோரிடமும் உரிய அதிகாரிகளிடமும் அறிவிப்பதைத் தொண்டாக ஏற்க வேண்டும். ஆடி வேலுக்குக் கதிர்காமம் செல்லும் பாத யாத்திரிகர் நடப்பது மான் மேயும் காட்டு வழியே. வள்ளியைப் பெற்றது ஒரு மான் என்று நம்பும் நாம், அந்த வழியை மானுக்கும் பயமற்ற வழியாக வைத்திருப்போமாக.