வெளிறும் வைரமும்: ஒரு மேசைப் பலகையின் வரலாறு

பெருநகர அறைகலன் கடைகளில் ‘லைவ் எட்ஜ்’ மேசைகளுக்கு இன்று மிகுந்த மதிப்பு. மரத்தின் வளைந்த விளிம்பைச் செதுக்காமல் விட்டுவைத்த ஒற்றைப் பலகை அது. இயற்கை தானே மேசையாகி வந்தது போன்ற தோற்றம். அத்தோற்றத்தின் பின்னே நெடிய உழைப்பும் ஒரு சிறைமுகாமும் உள்ளன. அவ்வரலாற்றில் இந்தியாவுக்கும் இடமுண்டு.

முதலில் ஒரு சொல். தொல்காப்பிய மரபியல், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும் வகுக்கிறது. தேக்கின் அகவைரத்தைச் சூழ்ந்திருக்கும் வெளிர்ந்த பகுதியே வெளிறு. பூச்சி முதலில் அரிப்பது அதைத்தான். ஆகவே தச்சர் அதைக் கழித்துவிடுவர். வெளிறு என்பதற்கு அறியாமை என்ற பொருளும் உண்டு. செதுக்காத விளிம்போ வெளிறையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. கழிக்கப்பட்டது மதிப்புப் பெற்றது எவ்வாறு?

இவ்வடிவத்தைப் பரவலாக்கியவர்களுள் முதன்மையானவர் ஜார்ஜ் நகாஷிமா. 1905இல் அமெரிக்காவில் ஜப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர், கட்டடக்கலை பயின்றவர். டோக்கியோவில் அந்தோனின் ரேமண்டின் அலுவலகத்தில் பணியாற்றிய அவர், ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டே விடுதியின் கட்டுமானத்தை மேற்பார்வையிட 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துக்கு வந்தார். அறைகளுக்குத் தேக்கினாலான நகரும் கதவுகள் அமைந்த கட்டடம் அது. அங்கே அவர் பெற்ற பெயர் சுந்தரானந்தர்.

அமெரிக்கா திரும்பிய பின் போர் மூண்டது. 1942இல் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பான்மையினர் அமெரிக்கக் குடிமக்கள். நகாஷிமா, மனைவி, கைக்குழந்தை மீரா ஆகியோர் ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே ஜென்டாரோ ஹிகொகாவா என்ற மரபுவழித் தச்சரிடம் அவர் ஜப்பானியத் தச்சின் நுட்பங்களைக் கற்றார். கையில் கிடைத்தவை கழிவுக் கட்டைகளும் பாலைநிலப் புதர்மரமுமே. 1943இல் ரேமண்டின் முயற்சியால் விடுதலை பெற்றுப் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறினார். விலையுயர்ந்த மரம் வாங்கப் பொருளில்லாத அத்தொடக்க நாள்களில், பிறர் ஒதுக்கிய பலகைகளே அவர் பட்டறைக்கு வந்தன. வெடிப்பும் முடிச்சும் கோணல் விளிம்பும் அவர் கையில் குறைகளாகவில்லை.

குறையை அப்படியே விட்டுவிடுவதன்று இக்கலை. அறுத்த பலகைகளை இடையிடையே ரீப்பர் கட்டை வைத்து அடுக்கி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு என்பது தோராயக் கணக்கு. ஆண்டு வளையங்களின் போக்கில் மரம் சுருங்கும் அளவு, மையத்திலிருந்து பட்டை நோக்கிய திசையில் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. வெடிப்புக்கும் கோணலுக்கும் இதுவே காரணம். வெடிப்பு மேலும் விரியாதிருக்க, வண்ணத்துப்பூச்சி வடிவ மரத்துண்டை அதன் குறுக்கே பதிப்பர். பின் இருமுகங்களையும் ஒத்த அளவில் இழைக்க வேண்டும். ஒருபுறம் மட்டும் இழைத்தால் பலகை வளையும். கால்களோடு இணைக்கும் திருகாணிகளுக்கு நீள்துளை இடுவதும் இன்றியமையாதது. மழைக்காலத்தில் மரம் அகலத்தில் விரியும்.

1964இல் நகாஷிமா மீண்டும் இந்தியா வந்து, அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அறைகலன்களை வடிவமைத்தார். 1984இல் மாபெரும் கறுப்பு வால்நட் மரமொன்று கிடைத்தபோது, ஒவ்வொரு கண்டத்திற்கும் ஓர் அமைதி மேசை என்ற எண்ணம் அவருக்கு எழுந்தது. முதல் மேசை 1986இல் நியூயார்க் பேராலயத்தில் அமைந்தது. 1990இல் அவர் மறைந்தார்; பணியை மகள் மீரா தொடர்ந்தார். ஆசியாவுக்கான மேசை 1996இல் ஆரோவில்லுக்கு வந்தது. முகாமில் அடைக்கப்பட்ட அந்தக் கைக்குழந்தைதான் இந்த மீரா.

வடிவமைப்பு வரலாற்றை நாம் வடிவமைப்பாளர் பெயர்களால் எழுதிப் பழகிவிட்டோம். ஆரோவில் செல்லும் மாணவர்கள் அம்மேசையைக் காணும்போது நகாஷிமாவை நினைப்பது இயல்பு. ஹிகொகாவாவின் பெயரையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். முள்வேலிக்குள்ளிருந்து அவர் கற்பித்ததும் அம்மேசையில் இருக்கிறது.