தடுப்பூசிக் கணக்கில் அடங்காத சரிவு: மருத்துவப் பணியாளரும் ஹெபடைடிஸ் பி தொற்றும், 1983–1995

அமெரிக்க மருத்துவப் பணியாளரிடையே ஹெபடைடிஸ் பி தொற்று விகிதம் 1983இல் லட்சத்துக்கு 386, 1995இல் 9.1. ஆண்டுக்குச் சுமார் 17,000 புதிய தொற்றுகள் என்றிருந்தது 400ஆகச் சுருங்கியது. 1997இல் வெளியான இம்மதிப்பீட்டைத் தடுப்பூசியின் தனி வெற்றிக்குச் சான்றாகக் காட்டுவது துறையில் வழக்கமாகிவிட்டது. அந்த முடிவை மதிப்பீட்டின் எண்களே தாங்கவில்லை என்பது என் வாதம்.

1994இல் மூன்று தவணையும் போட்டுக்கொண்டிருந்தோர் 66.5 விழுக்காடு. அவர்களில் ஒருவருக்குக்கூடத் தடுப்பூசி பொய்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். மற்றவை மாறாதிருந்தால் விகிதம் 129 அளவில் நின்றிருக்க வேண்டும். உண்மையில் அது அதனினும் பதினான்கு மடங்கு கீழே இறங்கியிருக்கிறது.

இந்த இடைவெளியைச் சமூக நோய் எதிர்ப்பாற்றலால் நிரப்ப முடியாது. தட்டம்மையில் அது செல்லும். இங்கே தொற்று சக பணியாளரிடமிருந்து வருவதில்லை. நோயாளியின் குருதியிலிருந்து வருகிறது. உடன் பணிபுரிபவர் தடுப்பூசி போட்டிருப்பது, போடாதவரின் விரலில் ஏறும் ஊசியிலுள்ள வைரஸை ஒன்றும் செய்யாது.

வலுவான மறுப்பு வேறொன்று: குருதியோடு மிகுதியாகப் புழங்குவோரே அதிகம் போட்டுக்கொண்டனர் என்பது. உண்மைதான். செவிலியர், ஆய்வகப் பணியாளர், குருதி எடுப்போர் ஆகியோரிடையே அளவு 75 விழுக்காடு. ஆபத்து முழுவதும் இவர்களிடமே குவிந்திருந்ததாகக் கொண்டாலும் எஞ்சிய கால்பங்கினர் 96 என்ற விகிதத்தைத் தருவர். அக்கால்பங்கில் பாதிப்பேர் முன்பே தொற்றுக்கு ஆளாகி எதிர்ப்பாற்றல் பெற்றவர்கள் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 48, அதுவே 9.1இன் ஐந்து மடங்குக்கு மேல். பொதுமக்களிடையே புதிய தொற்று குறைந்ததும் ஓரளவு உதவியிருக்கும். ஆனால் மருத்துவமனைக்கு வைரஸைக் கொண்டுவருவோரில் நாள்பட்ட தொற்றாளரும் உண்டு. அவர்கள் தொகை பத்தாண்டில் கரைந்துவிடாது. பதிவாகாத தொற்றுகள் பற்றிய ஐயம் இரு ஆண்டுகளுக்கும் பொது என்பதால் அதில் நான் தங்கவில்லை.

ஆக, பணியாளர் குருதியைத் தொட்ட விதமே மாறியிருக்க வேண்டும். எய்ட்ஸ் அச்சத்தின் நடுவே, எந்த நோயாளியின் குருதியையும் தொற்றுள்ளதாகவே கருத வேண்டும் என்ற நெறி 1987இல் வந்தது. 1991இன் தொழிற்பாதுகாப்பு விதி, தடுப்பூசியை இலவசமாக அளிப்பதோடு கையுறையையும் கூர்முனைக் கழிவுப் பெட்டியையும் முதலாளியின் கடமையாக்கியது. ஒரே ஆணையின் இரு கூறுகளில் ஒன்றை மட்டும் பின்வந்தோர் எடுத்துக்கொண்டனர். உலர்ந்த குருதியில் இந்த வைரஸ் ஏழு நாளாவது உயிர்ப்போடு இருக்கும். தொற்றுற்ற பணியாளர் பலருக்கு ஊசி குத்திய நினைவே இல்லை. கையுறைக்கும் மேசை துடைப்பதற்கும் இக்கணக்கில் இடம் இருந்தாக வேண்டும்.

எது எவ்வளவு பங்காற்றியது என்று பிரித்துக் காட்ட இத்தரவு போதாது. தடுப்பூசியின் அவசியத்தையும் இது குறைக்கவில்லை. 'இ' ஆன்டிஜென் உள்ள நோயாளியின் ஊசி குத்தினால், தடுப்பூசி போடாதவருக்குத் தொற்றும் வாய்ப்பு 37 முதல் 62 விழுக்காடு. நான் மறுப்பது, மூன்று தவணை முடிந்ததும் பாதுகாப்பு முடிந்தது என்று கோப்பை மூடும் நிர்வாகப் பழக்கத்தை. தடுப்பூசியே இல்லாத ஹெபடைடிஸ் சி அதே ஊசிகளின் வழியாகத்தான் வருகிறது. தவணைப் பதிவேட்டை மட்டும் வைத்திருக்கும் மருத்துவமனைக்கு, ஊசிக்குத்துக் காயங்களின் பதிவேடு இல்லாமல் அந்த ஆபத்தின் அளவு தெரியவராது.