மலையகத்தில் வெந்நீர்

'நச்சு நீக்கும் குளியல்' என்றொரு சொல் இப்பொழுது பரவலாகப் புழங்குகிறது. வார இதழ்களின் மகளிர் பக்கங்களிலும் உல்லாச விடுதிகளின் விளம்பரங்களிலும் அதனைக் காணலாம். தொட்டி நிறைய வெந்நீர், இரண்டு கைப்பிடி எப்சம் உப்பு, சில துளி யூக்கலிப்டஸ் தைலம், ஓர் எலுமிச்சம்பழம், விரும்பினால் ஒரு பிடி தேயிலை. இருபது நிமிடம் கண்மூடிக் கிடந்தால் உடலின் நஞ்செல்லாம் வெளியேறிவிடும் என்கிறார்கள். வெளியேறுமா என்பதைப் பின்னர் பார்ப்போம். அந்தப் பட்டியலை வாசித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. உப்பு, தைலம், தேயிலை, வெந்நீர் ஆகிய இந்நான்கும் நூறாண்டுகளுக்கு மேலாக நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் இருந்து வருபவைதாம். ஆனால் அவை ஒரே பாத்திரத்தில் சேர்ந்ததில்லை. எது யாருக்குக் கிடைத்தது என்று கேட்டுக்கொண்டு போனால் மலையகத்தின் எழுதப்படாத வரலாறு ஒன்று கைக்கு எட்டுகிறது.

நுவரெலியா ஒரு மருந்தாகவே பிறந்த ஊர். 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமான பின்னர், கரையோர வெப்பத்திலும் காய்ச்சலிலும் நொந்துபோன வெள்ளையர் உடல் தேறுவதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களின் இறுதியில் அங்கே ஒரு நலவாழ்வு நிலையத்தை ஏற்படுத்தினார். அவர் தமக்கெனக் கட்டிய இல்லமே காலப்போக்கில் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. உடல்நலம் தேடி வந்த சாமுவேல் பேக்கர், 1848இல் அங்கே ஒரு குடியேற்றத்தையே அமைத்து, எட்டாண்டு அனுபவங்களை 1855இல் நூலாகவும் எழுதினார். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்துக் குளிர்தான் அவர்கள் நாடிவந்த மருந்து. குளிர் மருந்தாக வேண்டுமானால் கணப்பு வேண்டும், கம்பளி வேண்டும், மாலையில் ஒரு தொட்டி வெந்நீர் வேண்டும். இவை மூன்றும் துரை பங்களாவில் குறைவின்றி இருந்தன. விறகு பிளந்து, அடுப்பூதி, நீர் சுமந்தவர்கள் யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அந்த மனிதர்களுக்கு இதே குளிர் மருந்தாக இருக்கவில்லை. கோப்பிக் காலத்தில் தமிழகத்தின் வெயில் மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கிச் சுமார் நூற்றைம்பது மைல் நடந்து வந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியெங்கும் பலி கொண்டன. 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அடுத்த இருபதாண்டுகளில் கோப்பியை அழித்தது. புகையிரதம் 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலை மேலேற மேலேற, மக்களும் குளிரை நோக்கி மேலே நகர்த்தப்பட்டார்கள்.

லயத்தின் ஓர் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதைக் 'காம்பரா' என்பது போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொல், முன்னாலுள்ள 'இஸ்தோப்பு' ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. குளியலறைக்கு லயத்து மொழியில் சொல்லே இருக்கவில்லை, ஏனெனில் அந்தப் பொருளே அங்கு இருக்கவில்லை. இருந்தது பீலி. மலையூற்று நீரை மூங்கில் பிளவின் வழியாகவோ தகரக் குழாயின் வழியாகவோ ஓரிடத்தில் விழச் செய்தால் அதுவே பீலி. குடிப்பதற்கும், துவைப்பதற்கும், பாத்திரம் கழுவுவதற்கும், குளிப்பதற்கும் அது ஒன்றே. தை மாசியில் புல்மேல் உறைபனி படியும் மேட்டுத் தோட்டங்களில் அந்த நீர் எப்படியிருக்கும் என்பதை, அதில் தலையை நீட்டியவர்கள் அறிவார்கள். மலை நிறுத்து வந்த பெண்கள், அட்டை கடித்த கால்களோடு, மார்புக்குக் குறுக்கே பாவாடையைக் கட்டிக்கொண்டு இருள் கவிந்த பிறகு அங்கே போனார்கள். மறைப்பு என்று அவர்களுக்கு இருந்தது அந்த இருள் மட்டுமே. விடிந்தால் மறுபடியும் பெரட்டுக் களம்.

இனி அந்த எப்சம் உப்புக்கு வருகிறேன். இங்கிலாந்தின் எப்சம் என்ற ஊரின் ஊற்றுநீரில் பதினேழாம் நூற்றாண்டில் அறியப்பட்டதால் அதற்கு அந்தப் பெயர். வேதியியலில் மக்னீசியம் சல்பேற்று. தோட்டத்தாருக்கு இது புதிய பொருளன்று, டிஸ்பென்சரியின் பேதி உப்பு இதுவே. 1916இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொளுக்கிப்புழு ஒழிப்புப் பணியைத் தொடங்கியது. வெறுங்காலின் தோல் வழியே நுழைந்து, குடலில் தங்கி, இரத்தத்தைக் குடிக்கும் புழு அது. கீனோபோடியம் எண்ணெயைக் கொடுத்துப் புழுவை மயக்கி, பின்னர் பேதி உப்பால் வெளியேற்றுவது அக்கால வைத்திய முறை. ஆனால் மலசலகூடங்களைக் கட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தால் புழு திரும்பி வரும் என்பதை அந்த நிறுவனத்தார் நன்கறிந்திருந்தார்கள். கட்டுவதற்கு ஆகும் செலவில்தான் தோட்ட உரிமையாளர்களுக்குத் தயக்கம் வந்தது. இன்று ஒருவர் நறுமணத் தொட்டியில் கொட்டிக் கால் நீட்டிக் கிடக்கும் அதே உப்பை, இன்னொருவரின் பாட்டன் வரிசையில் நின்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்திருக்கிறார்.

யூக்கலிப்டஸின் கதையும் ஏறத்தாழ இத்தகையதே. அவுஸ்திரேலியாவின் அந்த மரத்தைப் பிரித்தானியர் இங்கே நட்டது தைலத்துக்காக அன்று. தேயிலைத் தொழிற்சாலையின் உலர்த்து அடுப்புகளுக்கு வேகமாக வளரும் விறகு வேண்டியிருந்தது. கொழுந்தை உலர்த்த வந்த அந்த மரத்தின் இலையைப் பெண்கள் கசக்கி முகர்ந்தார்கள். சளியும் இருமலும் பிடித்த பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்க எடுத்தார்கள். பிறகு அது பேறுகால நீரிலும் விழுந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது அந்தப் பேறுகாலக் குளியலைப் பற்றித்தான்.

வெந்நீரில் மூலிகையிடும் வழக்கம் இத்தீவுக்குப் புதிதன்று. மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டு வைத்தியசாலையின் இடிபாடுகளில், மனித உடலின் வடிவத்திலேயே குடையப்பட்ட கல் தொட்டி ஒன்றை இன்றும் காணலாம். நோயாளியை மருந்து நீரிலும் எண்ணெயிலும் கிடத்துவதற்கானது அது. பொலன்னறுவையிலும் அதுபோன்ற ஒன்று உண்டு. அவை மன்னரும் விகாரைகளும் கல்லில் செதுக்கி வைத்தவை. தோட்டத்துப் பெண்கள் கொண்டுவந்ததோ திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளின் வீட்டு வழக்கம். அதற்குக் கல்லும் இல்லை, கல்வெட்டும் இல்லை.

அதற்குக் கருவி ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். மூன்று கல் கூட்டி, கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறை எரித்து, தகரம் நிறைய நீரைக் கொதிக்க வைப்பார்கள். மிலாறு நின்று எரியும், புகையும் குறைவு. நொச்சி, ஆடாதோடை, ஆமணக்கு இலை ஆகியவற்றைக் கீழ்நாட்டுத் தோட்டங்களில் எளிதாகப் பறித்துக்கொள்ளலாம். வேம்பும் புளியும் நுவரெலியாக் குளிரில் வளர மாட்டா. ஆகவே மேட்டு லயங்களில், கீழே போய் வந்தவர்கள் கொண்டுவந்த வேப்பிலையைக் காயவைத்துக் கூரையில் செருகி வைத்திருப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் யூக்கலிப்டஸ், எலுமிச்சைப்புல், கையளவு மஞ்சள். இலையைத் தண்டோடு நசுக்கிப் போட்டு, நீர் கால்பங்கு சுண்டி நிறம் மாறும்வரை காய்ச்ச வேண்டும். நுவரெலியா உயரத்தில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்குள்ள கிழவிகளுக்கு அந்தக் கணக்குத் தெரியாது, ஆனால் 'மேட்டுத் தண்ணி நின்னு கொதிக்கணும்' என்பது தெரியும்.

குளிப்பாட்டும் நாள் வீட்டுக்கு வீடு வேறுபடும். மூன்றாம் நாள் என்பாருண்டு, ஐந்து, ஏழு என்பாருண்டு. காம்பராவின் ஒரு மூலையில் அல்லது லயத்தின் பின்புறத்தில் படங்குச் சாக்கைக் கட்டி மறைப்பார்கள். உச்சியிலும் முதுகிலும் நல்லெண்ணெய் தேய்த்து, காய்ச்சிய நீரை வடித்து, கை பொறுக்கும் சூட்டுக்குப் பீலித் தண்ணீரைக் கலந்து, இடுப்பிலும் முதுகிலும் சொம்பால் உயரத்திலிருந்து அறைந்து ஊற்றுவார்கள். பிறகு ஈரம் துவட்டி, அடிவயிற்றைச் சேலைத் துணியால் இறுக்கிக் கட்டி, சாம்பிராணிப் புகையில் கூந்தலைக் காயவைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் இட்ட சாற்றைக் கொடுத்துப் படுக்க வைப்பார்கள்.

இதனை நான் ஒரு வைத்தியக் குறிப்பாக எழுதவில்லை. எண்ணிப் பாருங்கள்: விடியுமுன் எழுந்து, எல்லோருக்கும் சமைத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, இரவில் கடைசியாகக் கண்ணயரும் ஒரு பெண்ணுக்கு, பிறர் தண்ணீர் சுமந்து, பிறர் அடுப்பெரித்து, பிறர் முதுகு தேய்த்துவிட்ட தருணம் அவள் வாழ்நாளில் எத்தனை? பிள்ளை பெற்ற அந்தச் சில நாட்கள்தான். மாமியார்கூட அன்று குரலைத் தாழ்த்துவாள். பெண் தொழிலாளரின் பேறுகால ஓய்வை உரிமையாக்கிய மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் வந்ததே 1939இல்தான். சட்டம் வருவதற்கு முன்னரே, 'குளிச்சு எழும்பாதவள மலைக்கு அனுப்ப ஏலாது' என்று கங்காணியிடம் சொல்லக்கூடிய ஒரு காரணத்தை அந்த வெந்நீர் வீட்டுப் பெண்களுக்குக் கொடுத்திருந்தது. அது எப்போதும் செல்லுபடியாகவில்லை என்பதும் உண்மை. ஆயினும் அப்படியொன்று இருந்தது.

மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கிய சி.வி. வேலுப்பிள்ளையைப் போல் இந்த நீர் வைத்தியத்தைத் திரட்டியவர் எவரும் என் கண்ணில் படவில்லை. துரைமாரின் நாட்குறிப்புகளில் மழையளவு இருக்கும், கொழுந்தின் எடை இருக்கும். இது இராது.

சரி, நஞ்சு வெளியேறுமா? உடலின் கழிவுகளை அகற்றும் வேலை ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது, தோலின் வழியே வெந்நீர் நஞ்சை இழுத்தெடுத்துவிடாது. சூட்டில் தசை இளகும், வலி தணியும், உறக்கம் வரும். யூக்கலிப்டஸ் ஆவியில் மூக்கடைப்புக் குறைந்தது போன்ற சுகம் உண்டு. வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர் இலையைக் காய்ச்சி வடித்த நீரையே பயன்படுத்தட்டும். கடைத் தைலத்தை அளவின்றிக் கொட்டுவதும், கைக்குழந்தையின் முகத்தருகே கொண்டுபோவதும் ஆபத்து. அதை உட்கொண்டால் விஷம். இதற்கு மேல் அந்தக் குளியலுக்குப் பெரிய பட்டங்கள் தேவையில்லை.

உண்மையான நஞ்சு ஒன்றும் தோட்டத்தில் உண்டு. களையை மண்வெட்டியால் சுரண்டிய காலம் போய், முதுகில் தாங்கியோடு மருந்தடிக்கும் காலம் வந்தது. பின்னாளில் இந்நாட்டில் தடைசெய்யப்பட்ட பரகுவாட் முதல், 2015இல் தடைசெய்யப்பட்டு 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்ட கிளைபோசேற்று வரை எல்லாம் அந்த முதுகில் ஏறின. 2021 மேயில் இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை விதித்து, அதே ஆண்டு நவம்பரில் அரசு பின்வாங்கியபோது, விளைச்சல் பற்றியும் அந்நியச் செலாவணி பற்றியும் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. மருந்தடித்து வருபவருக்கு உடனே உடை மாற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதற்கு வேலைத்தலத்தில் தண்ணீர் இருக்கிறதா என்ற கேள்வி அவற்றில் எத்தனை வரி பெற்றது? தோலிலிருந்து கழுவி நீக்கக்கூடிய நஞ்சு இதுவே. இதற்கு மூலிகை வேண்டாம். தண்ணீரும் சவர்க்காரமும் ஒரு மறைப்பும் போதும்.

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் கணிசமானோர் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். அங்கேயும் அதே குளிர், அதே தேயிலை, அதே யூக்கலிப்டஸ். ஐந்து தலைமுறைக்கு முன் ஊரிலிருந்து கொண்டுவந்த வழக்கத்தை, மலையின் இலைகளோடு சேர்த்து அவர்கள் திரும்ப எடுத்துச் சென்றார்கள். கோத்தகிரிப் பக்கம் அவ்வாறு போனவர்களைச் சந்தித்தபோது, ஒரு மூதாட்டி 'பீலி' என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, அங்கு பிறந்த பேத்திக்கு அதை விளக்கிக்கொண்டிருந்தார்.

இங்கே இருந்தவர்களின் காலமும் மாறியிருக்கிறது. பேறுகாலம் இப்போது பெரும்பாலும் வைத்தியசாலையில்தான். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மோடி டிக்கோயாவில் நூற்றைம்பது படுக்கைகள் கொண்ட வைத்தியசாலையைத் திறந்துவைத்தார். அதே நாளில் நோர்வூட்டில், ஏற்கெனவே நடந்துவந்த வீட்டுத்திட்டத்துக்கு மேலதிகமாகப் பத்தாயிரம் வீடுகளை அறிவித்தார். கட்டி முடிந்த தனிவீடுகளில் குளியலறை உண்டு. லயங்களில் இன்னும் வாழும் குடும்பங்களுக்குப் பீலியும் பொதுக் குழாயுமே உண்டு.

அப்படியொரு புதுவீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டன் அருகே போயிருந்தேன். குளியலறைக் கதவில் பூட்டு, உள்ளே குழாய், வெள்ளை ஓடு. வீட்டின் பின்புறத்தில் நான்கு தகரத் துண்டுகளைச் சாய்த்து ஒரு சிறு கொட்டில் போட்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். "மக வயித்துப் பிள்ளையோட இருக்கா ஐயா, ஆவணியில பொறக்கும். உள்ளுக்குத் தகரம் வச்சு எரிக்க ஏலாதே" என்றார் வீட்டுக்கார அம்மாள். கொட்டிலுக்குள் மிலாறு அப்போதே அடுக்கப்பட்டிருந்தது.