ஆவடி: ஊரின் பெயர், தீர்மானத்தின் பெயர்

ஆவடி என்ற பெயருக்கு இன்று பலரும் சொல்லும் காரணம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டெப்போ ஆஃப் இந்தியா’ என்பதன் முதலெழுத்துகளைக் கோத்தால் ஆவடி வந்துவிடுமாம். இதைப் பொது அறிவு என்று பிள்ளைகள் மனப்பாடமும் செய்கிறார்கள். உண்மையில் இது பெயர் பிறந்த காரணம் அல்ல. பிறந்த பெயருக்குப் பிற்பாடு தைத்துப் போட்ட சட்டை.

தையலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ‘அண்ட்’, ‘ஆஃப்’ இரண்டையும் கழித்தால்தான் எழுத்துக் கணக்கு சரியாக வரும். இரண்டாம் உலகப் போரின்போது இங்கே ராணுவக் கிடங்குகள் அமைந்தது மெய்தான். ஆனால் விஜயந்தா டாங்கி இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது 1965இல். அதற்குப் பத்தாண்டு முன்பே ஆவடியின் பெயர் நாடு முழுவதும் தெரிந்திருந்தது.

சொல்லின் கட்டுமானமும் தமிழ்தான். மா + அடி மாவடி ஆவதுபோல, ஆ (பசு) + அடி ஆவடி ஆகும். நடுவில் வரும் ‘வ்’ உடம்படுமெய். ‘ஆவின்’ பால் பாக்கெட்டில் நாம் தினமும் காண்பதும் இதே புணர்ச்சி: ஆ + இன். ஆலடி, புளியடி, வேம்படி என்று இடங்களுக்கு அடி சேர்த்துப் பெயரிடுவது நம் ஊர்களில் சாதாரணம். பருத்திப்பட்டு ஏரியும் அதைச் சுற்றிய தாங்கல்களும் கொண்ட இந்த மண்ணில் பசுவின் பெயர் தங்கியிருப்பது இயல்பாகவே படுகிறது.

ஆனால் என்னை அதிகம் ஈர்ப்பது இந்தப் பெயரின் இரண்டாம் பிறப்பு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபையின் 60ஆவது மாநாடு ஆவடியில் கூடியது. யு.என். தேபர் தலைவர், காமராஜர் முதலமைச்சராகி ஓராண்டுகூட ஆகவில்லை. மாநாட்டு வளாகத்துக்குக் காமராஜரின் அரசியல் குருவின் பெயரால் சத்தியமூர்த்தி நகர் என்று பெயர். உற்பத்தியின் முக்கியச் சாதனங்கள் சமுதாயத்தின் உடைமையிலோ கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும், நாட்டின் செல்வம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும் என்று அங்கே தீர்மானம் நிறைவேறியது. சோஷலிச பாணிச் சமுதாயம் என்பது அதன் குறிக்கோள். அன்றுமுதல் பத்திரிகைகளில் ‘ஆவடி’ என்று எழுதினாலே தீர்மானம் என்று பொருள். ‘ஆவடி சோஷலிசம்’ என்று ஆதரித்தவர்களும் சொன்னார்கள், எதிர்த்தவர்களும் சொன்னார்கள். எதிர்த்தவர்களில் பெரியவர் ராஜாஜி. 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார்.

தொழிற்சாலைகள் பெருகத் தொடங்கிய காலத்து அமெரிக்காவில், பெயர் விஷயத்தில் இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. 1825இல் ராபர்ட் ஓவன் இண்டியானாவில் ஒரு குடியிருப்பையே விலைக்கு வாங்கி, பொதுச்சொத்து வாழ்க்கையை நடத்திக்காட்ட முயன்றார். அதன் பெயர் நியூ ஹார்மொனி, புதிய இணக்கம். முயற்சி இரண்டே ஆண்டில் கலைந்துபோனது. அங்கே கனவின் பெயர் ஊருக்கு வந்தது. நம்மிடம் ஊரின் பெயர் கனவுக்குப் போனது.

அந்தக் கனவு 1955இல் திடீரென்று ஆவடிக்கு வந்து இறங்கியதல்ல. ஆவடி ரயில் பாதையிலேயே கிழக்கே போனால் வரும் பெரம்பூரில், ஆலைத் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் எழுந்தது. அதில் முன்நின்ற பி.பி. வாடியா பிரம்மஞான சபைக்காரர். திரு.வி.க.வும் அச்சங்கத்துக்கு உழைத்தார். எட்டு மணிநேர வேலை கேட்டு 1886இல் சிகாகோத் தொழிலாளர்கள் சிந்திய ரத்தத்தின் நினைவாக, 1923 மே முதல் நாளில் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றினார். 1932இல் பெரியாரும் அவரும் ஈரோட்டில் வகுத்த திட்டத்துக்குப் பெயர் சமதர்மத் திட்டம். ‘சமதர்மம்’ என்ற அழகான சொல் தமிழ் மேடைகளில் ஊறிப்போன பிறகுதான் ஆவடித் தீர்மானம் வந்தது. அதனால்தான் இங்குள்ளவர்களுக்கு அது டெல்லியிலிருந்து வந்த புதுச்சரக்காகத் தோன்றியிருக்காது என்று நினைக்கிறேன்.

தீர்மானம் வெறும் காகிதமாக நின்றுவிடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் இம்பீரியல் வங்கி ஸ்டேட் வங்கியாயிற்று. 1956இல் எல்.ஐ.சி. வந்தது. அதே 1956இன் தொழிற்கொள்கை, ஆயுதத் தயாரிப்பை அரசுக்கு மட்டும் உரிய தொழில்களின் பட்டியலில் வைத்தது. ஆவடி டாங்கித் தொழிற்சாலை அரசின் தொழிற்சாலையாக எழுந்தது அந்தக் கொள்கையின் நிழலில்தான். ஆங்கில விளக்கம் எந்தக் கவச வாகனங்களைக் காட்டிப் பெயரை விளக்க வருகிறதோ, அவை இங்கே தயாராகத் தொடங்கியதே தீர்மானத்துக்குப் பிறகுதான்.

2021இல் பாதுகாப்புத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, ஆவடித் தொழிற்சாலை ‘ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் நிகம் லிமிடெட்’ என்ற நிறுவனத்தின் கீழ் போயிற்று. அதன் தலைமையிடமும் ஆவடியே. இனி முதலெழுத்துக் கதைக்குச் செல்வாக்கு கூடவே செய்யும். 2019இல் மாநகராட்சியாகிவிட்ட இந்த ஊரில், ‘ஆ’ என்றால் பசு என்பதையும், 1955இல் இங்கே என்ன தீர்மானித்தார்கள் என்பதையும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும்.