அடக்கி வாசித்தவர்கள்: ஒரு நாலு கம்பிக் கதை

கம்பி எண்ணியே காலத்தை ஓட்டினவங்க கதைதான் இன்னைக்கு. பயப்படாதீங்க, ஜெயில் எபிசோட் இல்ல, பேஸ் கிதார். மொத்தமே நாலு கம்பி, சீக்கிரம் எண்ணிடலாம்.

1951-ல் கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் ஆள் உயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலையணும்; டிரம்ஸ் சத்தத்தில் அது காதிலும் விழாது. சத்தம் விழ ஆரம்பிச்சது, பேர் மட்டும் விழல. 1961-ல் பீட்டில்ஸை விட்டு ஸ்டூவர்ட் சட்கிளிஃப் கம்பி நீட்டினதும், அந்தக் கம்பி பால் மெக்கார்ட்னி தலையில் கட்டப்பட்டது. அவரும் ஆசைப்பட்டு எடுக்கல.

நம்ம ஊருக்கு வருவோம். இளையராஜா குழுவில் பேஸ் வாசிச்சவர் சசிதரன். சசின்னா நிலா. 1982-ல் வந்த 'இளைய நிலா'ன்னா எல்லாரும் கிதார் வாசிச்ச சந்திரசேகரைச் சொல்வாங்க. அவரும் நிலாதான். ஆக, ராஜாகிட்ட ரெண்டு நிலா: ஒண்ணு பௌர்ணமி, இன்னொண்ணு அமாவாசை.

வேலை லேசுப்பட்டதில்ல. ராஜா ஒவ்வொரு கருவிக்கும் நோட்ஸ் எழுதித் தருவார், எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து வாசிக்கணும். ஒருத்தர் பிசகினா மொத்தப் பேரும் மறுபடி முதல்ல இருந்து. பேஸ் தப்பினா எல்லாருக்கும் தெரியும், சரியா வாசிச்சா யாருக்கும் தெரியாது. எங்க ஆபீஸ் சர்வர் டீம்கிட்ட இதைச் சொன்னேன், சிரிக்கவே இல்ல.

எங்க ஆரணியிலும் இதே கதை. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்யறவர் ஒருத்தர், பெட்டியில் அச்சாகிற பேர் ஜவுளிக்கடையோடது. சேலையில் எல்லாரும் பார்க்கிறது ஜரிகையை, தாங்குறது பாவு.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் 1960-கள் முழுக்க மோடவுன் கம்பெனியின் ஹிட்டுகளுக்கு வாசிச்சார். அவர் பேரை ஆல்பம் அட்டையில் பார்க்க 1971-ல் மார்வின் கே வர வேண்டியிருந்தது. இங்கே அதைச் செய்தவர், சின்ன வயசில் ராஜா குழுவில் கீபோர்டு வாசிச்ச ரஹ்மான். 90-கள் கேசட் அட்டையைத் திருப்பினா, பொடி எழுத்தில் 'பேஸ் கிதார்: கீத் பீட்டர்ஸ்'. கீழ பீட்டைத் தாங்கினவருக்குப் பேரிலேயே கீழும் பீட்டும்!

ஒண்ணு சொல்லணும். பேஸோட அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் அந்த ஆழத்துக்கு இறங்காது. மேலே கேட்கிறதை வச்சு மூளையே மீதியை ஊகிச்சுக்கும். அதனால் ஹெட்போன் மாட்டுங்க, 'இளைய நிலா'வைப் போடுங்க. எஸ்பிபியைக் கொஞ்சம் மறந்துட்டு, கீழே கேளுங்க.